சோலைவரியும் துலாக்கோலும்

வரி என்னும் சொல்லைக் கேட்டு முகம் மலர்ந்தவர் ஒருவரையேனும் நான் கண்டதில்லை. வரி விதிக்கும் சபையை ஊரார் ஒருவாறு பொறுத்துக்கொள்வர். வரிக்காக வீட்டை மதிப்பிட வருபவனை அவ்வளவு எளிதிற் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். யாழ்ப்பாணத்தார் சோலைவரி என்றும், அரசாங்கப் பத்திரங்கள் ஆதனவரி என்றும் வழங்கும் இவ்வரியின்பொருட்டு வீடுகளையும் வளவுகளையும் மதிப்பிடும் உத்தியோகத்திலே என் ஆயுளின் இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. ஓர் அளவுநாடா, ஒரு குறிப்புப் புத்தகம், ஒரு பென்சில் ஆகிய இவையே என் ஆயுதங்கள். அவற்றைக் கண்டதும் நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. நாற்காலியைத் துடைத்துப் போட்டு இளநீர் வெட்டியவர்களும் உண்டு. இரு திறத்தாரையும் அவ்வாறு செய்வித்தது ஒரே அச்சந்தான்.

இத்தொழிலிலே நேர்மை என்றால் யாது என்று இளைஞர் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. இலஞ்சம் வாங்காதிருந்தாற் போதும் என்பதே அவர்களின் எண்ணம். இலஞ்சம் வாங்காமை இத்தொழிலின் வாயிற்படி மாத்திரமே. வீடு அதற்கு அப்பால் இருக்கிறது. ஒரு சதமேனும் கைநீட்டி வாங்காத மதிப்பீட்டாளன் ஒருவனால் ஓர் ஊருக்கு எவ்வளவு அநீதி இழைக்க இயலும் என்பதை நான் கண்டிருக்கிறேன். அதனை விளக்குவதற்கு முன்னர், சட்டம் அவனிடம் எதிர்பார்க்கும் வேலை யாது என்பதைச் சிறிது கூறல் வேண்டும்.

எமது நாட்டில் மாநகரசபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், நகரசபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. இவற்றின்கீழ் ஆதனவரி ஒரு வீட்டின் வருடாந்தப் பெறுமதியை அடிப்படையாகக் கொண்டு அறவிடப்படுகிறது. வருடாந்தப் பெறுமதி என்பது, அவ்வீட்டை வாடகைக்கு எடுக்கும் குடியிருப்பாளன் ஒருவன் ஆண்டொன்றுக்கு நியாயமாகக் கொடுக்கக்கூடிய தொகை. வீட்டுக்காரர் தாமே அங்கு குடியிருந்தாலும், அப்படி ஒருவன் வாடகைக்கு வருவதாகப் பாவனை செய்துகொண்டுதான் மதிப்பிடல் வேண்டும். அப்பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை வீதம் வரி எனத் தீர்மானிப்பது சபையின் வேலை; பெறுமதியைக் கண்டு சொல்வது மட்டுமே மதிப்பீட்டாளனின் வேலை.

உதாரணமாக, ஒரு வீட்டின் வருடாந்தப் பெறுமதி 24,000 ரூபா என்றும், சபை விதித்த வரி 8 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,920 ரூபா; காலாண்டுக்கு 480 ரூபா. முழுத்தொகையையும் ஜனவரி 31இற்கு முன் கட்டுவோருக்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டாதலால் 1,728 ரூபாவோடு காரியம் முடிந்துவிடும். பெரிய தொகையன்று எனச் சிலர் நினைக்கலாம். ஆயினும் அத்தொகை ஆண்டுதோறும் வரும். கட்டத் தவறினால் வீட்டிலுள்ள தளபாடங்களைக் கைப்பற்றவும் சபைக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஒரு பென்சிற் கோட்டிலே தொடங்குவது ஒரு குடும்பத்தின் அலுமாரியை வாசலுக்குக் கொண்டுவருவதில் முடியக்கூடும்.

அந்தப் பாவனைக் குடியிருப்பாளனை நான் மெத்தவும் மதித்தேன். அவனுக்குப் பெயரில்லை, சாதியில்லை, கட்சியில்லை. அவன் எனக்கு மாமனுமல்லன், மைத்துனனுமல்லன். வீட்டின் கூரையையும் கிணற்றையும் தெருவின் வசதியையும் பார்ப்பான். வீட்டுக்காரரின் முகத்தைப் பாரான். மதிப்பீட்டாளன் அவனுடைய கண்களால் மாத்திரமே காணல் வேண்டும். தன் கண்களால் நோக்கத் தொடங்கிய கணத்திலே, அங்கே சிநேகிதனும் பகைவனும் தோன்றிவிடுவார்கள். இத்தொழிலின் ஒழுக்கம் முழுவதும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது என்பது என் துணிபு.

சொல்வதற்கு இலகுவான இவ்விஷயம் செய்வதற்கு எத்துணைக் கடினமானது என்பதை என் தாய்மாமனே எனக்குக் கற்பித்தார். நான் உத்தியோகம் ஏற்ற சில ஆண்டுகளில் அவருடைய தெருவும் மதிப்பீட்டுக்கு வந்தது. ஒருநாள் மாலை எங்கள் விறாந்தையிலே வந்து அமர்ந்து, "தம்பி, எல்லாம் உன்ரை கையிலைதானே கிடக்கு. எங்கடை வீட்டை ஒருக்காற் பாத்துப் போடு" என்றார்.

"உங்கடை வீட்டை நான் மதிக்கேல்லை, மாமா. வேறை ஒராள் வருவார்" என்றேன்.

"அப்ப நீ என்னத்துக்கு உந்தக் கந்தோரிலை இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு எழுந்தார்.

என்னைப் படிப்பித்தவர் அவர். என் தந்தையார் நோயுற்றிருந்த காலத்திலே எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அவர் தயவினால். ஆதலால் அந்தக் கேள்வியிலே நியாயம் இல்லை என்று நான் கூறமாட்டேன். உதவி செய்தவருக்கு உதவுதல் எங்கள் வழக்கம். அவ்வழக்கினால்தான் நாங்கள் வாழ்ந்தோம். எனினும், அவருக்கு நான் பட்ட கடனை ஊராரின் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை ஏது? மேலதிகாரிக்கு உறவுமுறையை எழுதித் தெரிவித்தேன். அயற் பகுதியைச் சேர்ந்த உத்தியோகத்தர் ஒருவர் அத்தெருவை மதித்தார். மாமாவின் வீட்டுப் பெறுமதி, பக்கத்து வீடுகளின் பெறுமதியைப்போலவே ஏறியது. இரண்டு ஆண்டுகள் அவர் எங்கள் படலையைத் திறக்கவில்லை. தமையனுக்கும் மகனுக்கும் இடையிலே என் தாயார் பட்ட துன்பம் சொல்லிலடங்காது.

மூன்றாம் ஆண்டிலே, மருமகன் தயவால் அந்த வீட்டுக்குக் குறைத்து மதித்திருக்கிறார்கள் என்று யாரோ ஒருவர் சபைக்கு மனுப் போட்டார். கோவை திறக்கப்பட்டது. அதிலே எந்த ஒற்றையிலும் என் கையொப்பம் இருக்கவில்லை. நான் விலகிக்கொள்வதாக எழுதிய கடிதம் மாத்திரம் இருந்தது. விஷயம் ஊரெல்லாம் தெரிந்த அன்று மாலை மாமா வந்தார். அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசினாரில்லை. "தங்கச்சி, தேத்தண்ணி இருக்கோ?" என்று என் தாயாரிடம் கேட்டார். அவ்வளவுதான்.

எமது நாட்டிலே கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவர் பலர். மதிப்பீட்டாளன் ஒருவன் வேண்டியவருக்குக் குறைத்து எழுதும்போது தன் பையிலிருந்து எதுவும் கொடுப்பதில்லை. நூறு வீடுகளுள்ள ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே பெறுமதியானவை. ஊருக்கு வேண்டிய வரி ஓர் இலட்சம் ரூபா. வீட்டுக்கு ஆயிரம் ரூபா நியாயம். அவற்றுள் பத்து வீடுகளைச் சிநேகத்தின்பொருட்டுப் பாதியாக மதித்துவிட்டால், அதே இலட்சத்தைத் திரட்டுவதற்கு ஏனைய தொண்ணூறு வீட்டாரும் ஏறத்தாழ 1,053 ரூபா வீதம் கட்டல் வேண்டும். சலுகை பெற்றவர் கொடுப்பது 526 ரூபா. தொண்ணூறு பேரிடமும் ஆளுக்கு 53 ரூபா எடுத்தவனை எவரும் கள்வன் என்று பிடிப்பதில்லை. எடுத்தது தெரிந்தாலன்றோ பிடிப்பதற்கு! வரி வீதத்தைக் கூட்டாமல் விட்டாலோ, 5,000 ரூபாவுக்குரிய வடிகாலும் தெருவிளக்கும் ஊருக்கு இல்லாமற்போகும்.

இனி, உறவும் இலஞ்சமும் கலவாத அநீதி ஒன்றைக் கூறுகிறேன். நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில், தெருவிலே நின்றபடியே வீடுகளை மதிக்கும் மூத்தவர்கள் சிலரைக் கண்டேன். எல்லா வீடுகளையும் அவர்கள் அவ்வாறு மதிப்பதில்லை. இரண்டு வகை வீடுகளுக்குள் மாத்திரம் அவர்கள் போவதில்லை. ஒன்று, தாழ்த்தப்பட்டோர் என ஊரார் ஒதுக்கிவைத்த மக்களின் ஒழுங்கைகளிலுள்ள வீடுகள். மற்றது, உயர்ந்த மதிலுக்குள்ளே இருந்த பெரிய மனிதரின் மாளிகைகள். முன்னையதன் படலையை இகழ்ச்சி அடைத்தது. பின்னையதன் கேற்றை அச்சம் அடைத்தது. வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, 'கல்வீடு' என்று எழுதிய இடத்திலே உள்ளே மண்சுவரும் ஓலைக் குசினியும் இருக்கும். மதிலுக்கு வெளியே நின்று, 'பழைய வீடு' என்று எழுதிய இடத்திலே உள்ளே புதிய மேல்மாடி எழுந்திருக்கும். ஏழை கூடுதலாகவும் செல்வர் குறைவாகவும் கட்டுவதற்கு ஒரு சதமேனும் கைமாற வேண்டியிருக்கவில்லை.

இது எங்கள் ஊருக்கு மாத்திரம் உரிய நோயன்று. இங்கிலாந்திலே 1662இல் ஏற்பட்ட அடுப்பு வரிக்காக, அதிகாரிகள் வீட்டினுட் புகுந்து அடுப்புக்களை எண்ணினர். மக்கள் அதனை வெறுத்தமையால் 1689இல் அது நீக்கப்பட்டது. பின்பு 1696இல் யன்னல் வரி வந்தது. யன்னலைத் தெருவிலே நின்றும் எண்ணலாமன்றோ! மக்கள் என் செய்தனர்? யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். காற்றும் வெளிச்சமுமின்றி ஏழைகள் குடியிருந்த அறைகளைப்பற்றி வைத்தியர்கள் முறையிட்ட பின்னர், 1851இல் அவ்வரியும் ஒழிந்தது. எட்டநின்று மதித்தால் பிழை. உள்ளே சென்றால் மனத்தாங்கல். இரண்டுக்கும் நடுவே ஒரு வழிதான் உண்டு: மரியாதையோடு அனுமதி கேட்டு, உள்ளே சென்று, எல்லா வீட்டையும் ஒரே விதமாக அளத்தல்.

உள்ளே செல்பவனுக்கு மற்றுமொரு கடமை உண்டு. அவன் அறைகளை அளக்கிறான்; ஆனால் அவன் கண்ணுக்குப் படுவன அறைகள் மாத்திரமல்ல. வெறும் அரிசிப் பானை, அடைவுகடைச் சீட்டு, நோயாளியின் பாய், கணவனும் மனைவியும் பேசாதிருக்கும் வீட்டின் மௌனம் ஆகிய எல்லாம் படும். அளவுநாடாவுக்கு அகப்பட்டதை மாத்திரம் அவன் வெளியே கொண்டுவரலாம். மற்றவற்றைப் படலைக்குள்ளேயே விட்டுவிடல் வேண்டும். சிறிய ஊர்களிலே, வாயைக் காக்காத மதிப்பீட்டாளன் கையைக் காத்தும் பயனில்லை.

2009இல் போர் முடிந்த பின்னர், பழைய இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஒழுங்கைக்குச் சென்றேன். இடாப்பிலே 'கல்வீடு, ஆறு அறை, ஓட்டுக்கூரை' என்றிருந்தது. நேரில், செல் விழுந்து பாதி இடிந்த சுவரும் தறப்பாள் போட்ட இரண்டு அறைகளும் இருந்தன. ஒரு தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கே வாழ்ந்தனர். "ஐயா, எங்களைப் பாத்து ஏதாவது இரக்கம் காட்டுங்கோ" என்றார் அந்த அம்மா. "இரக்கம் வேண்டாம், அம்மா. இருக்கிறதை இருக்கிறபடி எழுதினாற் போதும்" என்றேன். அந்த வீட்டுக்கு எந்தக் குடியிருப்பாளன் ஆறு அறை வாடகை கொடுப்பான்? பெறுமதி குறைந்தது; அது தயவினாற் குறையவில்லை, உண்மையினாற் குறைந்தது. தயவை ஏற்றவர் தலைகுனிந்து நிற்பார். உண்மையைப் பெற்றவர் நிமிர்ந்து நிற்கலாம்.

அதே ஒழுங்கையின் முடக்கிலே புதிய மேல்மாடி வீடு ஒன்று. என்னைக் கண்டதும் வீட்டுக்காரர் ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார். "உங்கடை பிள்ளையளுக்கு" என்றார். மாம்பழம் இலஞ்சமா என்று கேட்டால், உபசாரம் எனப் பலரும் சொல்வார்கள். நான் எனக்கென ஓர் உரைகல் வைத்திருந்தேன்: ஒழுங்கையின் மறுமுனையில் இருந்த அந்த அம்மாவாற் கொடுக்க இயலாத எதையும் இவரிடம் வாங்கலாகாது. கிணற்றுத் தண்ணீர் அவரும் தந்தார். ஆகவே தண்ணீர் குடித்தேன். கூடை அங்கேயே இருந்தது.

இரக்கமே வேண்டாம் என்று நான் கூறுவதாக வாசகர்கள் கருதலாகாது. வறியவருக்குச் சலுகை வேண்டுமாயின், அதனைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் மக்கள் தெரிந்தெடுத்த சபையினர். அவர்கள் பகிரங்கமாகப் பேசி, காரணத்தை எழுதி, அதேநிலையிலுள்ள எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கலாம். மதிப்பீட்டாளன் பென்சிலாற் செய்யும் இரக்கமோ இரகசியமானது. இன்று ஏழைக்குச் செய்யும் அப்பென்சில், நாளை நண்பனுக்கும் செய்யப் பழகிவிடும்.

பழைய மதிப்பீட்டை அப்படியே தொடர விடுவதால் எவருக்கும் தீங்கில்லை என்றும் சிலர் எண்ணுகின்றனர். முன்னைய ஆண்டின் மதிப்பீட்டை ஏற்றுக்கொள்ளச் சட்டம் சபைக்கு இடமளிப்பதும் உண்மையே. ஆயினும் ஆண்டுகள் பல அவ்வாறு கழிந்தால், அன்று வயலோரமாயிருந்து இன்று கடைத்தெருவாகிவிட்ட இடத்தின் சொந்தக்காரர் பழைய தொகையையே கட்டுவார். நேற்றுச் சிறுவீடு கட்டிக் குடிபுகுந்த இளங்குடும்பமோ இன்றைய பெறுமதிப்படி கட்டும். சும்மா இருத்தலும் ஒரு பக்கம் சாய்தலே. இதனைச் சபைக்கு எடுத்துரையாமல் மௌனமாயிருப்பது மதிப்பீட்டாளனுக்கு அழகன்று.

அமெரிக்காவிலே சிக்காகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டியில் நடந்ததை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. விலைகுறைந்த வீடுகள் அவற்றின் விலைக்கு மிஞ்சியும், விலையுயர்ந்த வீடுகள் அவற்றின் விலைக்குக் குறைந்தும் பல ஆண்டுகளாக மதிக்கப்பட்டு வந்தன என்பதை 2017இல் சிக்காகோ ரிபியூன் பத்திரிகை ஆராய்ந்து வெளியிட்டது. வசதியுள்ளோர் மதிப்பீட்டை ஆட்சேபித்துக் குறைத்துக்கொண்டனர். வறியோர் வந்த தொகையைக் கட்டினர். ஆட்சேபிக்கும் வழி திறந்திருந்தும், அவ்வழியே அநீதியைப் பெருக்கியது. அங்கு மதிப்பீட்டதிகாரியை மக்களே தெரிவு செய்வர். 2018இல் பதவியிலிருந்தவர் தேர்தலில் தோற்றார். அந்நாட்டில் 1934இல் தொடங்கப்பெற்ற மதிப்பீட்டு உத்தியோகத்தர் சங்கம், ஒழுக்க விதிகளோடு ஒரு சோதனை முறையையும் வகுத்திருக்கிறது. விற்பனையான வீடுகளின் விலையோடு மதிப்பீட்டை ஒப்பிட்டு, சிறிய வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் விகிதம் ஒன்றாயிருக்கிறதா எனப் பார்ப்பதே அது. தன் மனச்சாட்சி சுத்தமானது என்று நம்புபவனுங்கூட, தன் கணக்கையும் இவ்வாறு உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

எங்கள் நாட்டிலும் மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்தவர், அதிலே குறித்த காலத்துள் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம். முடிவு திருப்தியளிக்காவிடின் நீதிமன்றத்தை நாடலாம். இதனை அறியாதோர் அநேகர். ஆகவே, என் மதிப்பீட்டையே எவ்வாறு ஆட்சேபிப்பது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் நானே சொல்லிவிட்டு வருவேன். "உனக்கு நீயே வழக்குத் தேடுகிறாயா?" என்று கந்தோரிலே சிரித்தார்கள். செலுத்த வேண்டிய தொகையும் காலமும் முறையும் வரி செலுத்துவோனுக்குத் தெளிவாயிருத்தல் வேண்டும் என்று ஆதம் சிமித் 1776இல் எழுதினார். தெளிவில்லாத இடத்திலே அவன் வரியதிகாரியின் கைக்குள் அகப்பட்டுவிடுவான் என்பது அவர் கண்ட காரணம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் வந்தபின், காரணம் கேட்கும் உரிமை எமக்கு இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு முன்னரே காரணத்தைச் சொல்பவனே நல்ல உத்தியோகத்தன்.

மதிப்பீடு பிழைத்தால் விளைவது யாது என்பதற்கு எங்கள் நாட்டின் சரித்திரமே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நெல்வரி என்று ஒன்று இருந்தது. 1880களில் நுவரெலியாப் பகுதியிலே வரி நிலுவைக்காக உழவர்களின் வயல்கள் விற்கப்பட்டன. வயலை இழந்தவர் பட்ட துயரம் பெருங்கிளர்ச்சியாகி, 1892இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. எழுதியவருக்கு அவை இலக்கங்கள். வயலிலே நின்றவனுக்கு அவை சோறு.

இலஞ்சத்துக்கெதிராக 1954இலே சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டங்கள் வேண்டியனவே. ஆயினும் வேலிக்கு மேலால் எட்டிப்பார்ப்பவனையும், சும்மா இருப்பவனையும், மாமனுக்காகப் பென்சிலைச் சிறிது சாய்ப்பவனையும் சட்டம் எளிதிற் பிடிப்பதில்லை. வள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்து, துலாக்கோலை அதற்கு உவமையாக்கினார். துலாக்கோல் தட்டிலே வைத்த பொருளை அறியும். வைத்தவன் கையை அறியாது.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டுப் படலையிலே ஓர் இலக்கத் தகடு இருக்கும். தபாற்காரருக்கும் உறுதி எழுதும் நொத்தாரிசுக்கும் உதவும் அந்த இலக்கம், மதிப்பீட்டு இடாப்பிலே உங்கள் வீட்டுக்கு இடப்பட்ட இலக்கமாகும். அடுத்த முறை மதிப்பீட்டாளன் வரும்போது நாயைக் கட்டிவையுங்கள். மாம்பழத்தை உங்கள் பிள்ளைகளுக்கே கொடுங்கள். வீட்டை முழுவதும் காட்டி, "எந்தக் கணக்குப்படி எழுதுகிறீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு, பக்கத்து வீட்டுக்கும் அதே கணக்குத்தானா என்றும் கேளுங்கள். நேர்மையானவனுக்கு அந்தக் கேள்வியைவிடச் சிறந்த உபசாரம் வேறில்லை.